சம்பளம் கூடியும் மனம் நிறையாதது ஏன்?

‘வேலையும் மன நிறைவும்’ என்ற பொருளில் கேள்விகள் அனுப்புமாறு சென்ற இதழில் கேட்டிருந்தோம். வந்த கடிதங்களில் பெரும்பாலானவை சம்பளத்தில் தொடங்கி, இரண்டாவது பத்தியிலேயே மேலதிகாரி, வேலை நேரம், மரியாதை என்று வேறு திசையில் திரும்பிவிடுகின்றன. அந்தத் திருப்பத்தில்தான் விஷயம் இருக்கிறது என்று எனக்குத் தோன்றுகிறது. அவற்றில் ஏழு கடிதங்களுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எழுதியவர்கள் கேட்டுக்கொண்டபடி பெயர்களைத் தவிர்த்திருக்கிறேன், கடிதங்களையும் சுருக்கியிருக்கிறேன்.

கேள்வி: கணக்குப் பிரிவில் 11 ஆண்டுகளாகப் பணிபுரிகிறேன். கடந்த 4 ஆண்டுகளில் என் சம்பளம் ஏறக்குறைய இரு மடங்காகிவிட்டது. கடன் எதுவும் இல்லை. முன்பெல்லாம் கணக்குகளை நானே சரிபார்த்து முடிப்பேன். இப்போது மற்றவர்கள் முடித்தவற்றில் கையெழுத்திடுவதும் கூட்டங்களில் உட்கார்ந்திருப்பதுமே என் வேலையாகிவிட்டது. ஞாயிற்றுக்கிழமை மாலை ஆனாலே மனம் கனக்கிறது. இவ்வளவு கிடைத்தும் நிறைவு இல்லை என்பது நன்றிகெட்டத்தனமா? பணத்துக்கும் மகிழ்ச்சிக்கும் உண்மையில் தொடர்பு உண்டா?

தொடர்பு உண்டு. ‘பணத்தால் மகிழ்ச்சி வராது’ என்று உழைப்பவர்களிடம் சொல்வது, அவர்களுடைய நியாயமான கோரிக்கையை மழுங்கடிக்கும் பேச்சு என்றே நான் கருதுகிறேன். மாதக் கடைசியில் மருந்து வாங்குவதா, வாடகை கொடுப்பதா என்று தடுமாறும் ஒருவருக்குச் சம்பள உயர்வு தரும் நிம்மதியை வேறு எதுவும் தராது.

இந்த உறவு எதுவரை நீள்கிறது என்பதில்தான் ஆய்வாளர்களிடையே நீண்ட விவாதம் நடந்தது. டேனியல் கானமன், ஆங்கஸ் டீட்டன் என்ற இருவரும் அமெரிக்கத் தரவுகளை ஆராய்ந்து, ஆண்டு வருமானம் சுமார் 75,000 டாலரைத் தாண்டிய பிறகு ஒருவரின் அன்றாட மகிழ்ச்சி மேலும் கூடுவதில்லை என்று 2010-இல் எழுதினார்கள். அந்த ஒரு வரி உலகெங்கும் பரவியது. பின்னர் மேத்யூ கில்லிங்ஸ்வொர்த் என்பவர், கைப்பேசிச் செயலி வழியாக மனிதர்களிடம் நாளின் வெவ்வேறு நேரங்களில் ‘இப்போது எப்படி இருக்கிறீர்கள்?’ என்று கேட்டுத் திரட்டிய விடைகளைக் கொண்டு, அப்படி ஓர் எல்லை தென்படவில்லை என்று 2021-இல் எழுதினார். இங்கே எனக்கு மிகவும் பிடித்த செய்தி, கானமனும் கில்லிங்ஸ்வொர்த்தும் சண்டையிடாமல், பார்பரா மெல்லர்ஸ் என்ற உளவியலாளரை நடுவராக வைத்துக்கொண்டு ஒன்றாக உட்கார்ந்து தரவுகளை மறுபடியும் ஆராய்ந்ததுதான். 2023-இல் வெளியான அவர்களது முடிவின்படி, பெரும்பாலானோருக்கு வருமானத்தோடு மகிழ்ச்சியும் கூடிக்கொண்டே போகிறது. மிகவும் துயருற்றிருக்கும் ஐந்தில் ஒரு பங்கினருக்கு மட்டும், ஒரு கட்டத்துக்குப் பிறகு வருமானம் உதவுவதில்லை; அவர்களை வாட்டும் இழப்பும் மனச்சோர்வும் பணத்துக்குக் கட்டுப்படாதவை.

ஆனால் அந்த ஏற்றம் விகிதத்தைப் பொறுத்தது என்பதை மறந்துவிடக் கூடாது. சிறிய சம்பளத்தில் சேரும் ஒரு தொகை கொடுக்கும் தெம்பை, பெரிய சம்பளத்தில் சேரும் அதே தொகை கொடுக்காது. இதனுடன் அடுத்தவரோடு ஒப்பிட்டுப் பார்ப்பதும் சேர்ந்துகொள்கிறது. கலிபோர்னியாவில் அரசுப் பல்கலைக்கழக ஊழியர்களின் சம்பள விவரம் பொதுவெளியில் வைக்கப்பட்டபோது, டேவிட் கார்டும் அவருடைய சகாக்களும் ஊழியர்களில் ஒரு பகுதியினரிடம் மட்டும் அந்தத் தகவலைச் சுட்டிக்காட்டினார்கள். தம் துறையின் நடுச் சம்பளத்துக்குக் கீழே தாம் இருப்பதை அறிந்துகொண்டவர்களின் மன நிறைவு குறைந்தது. வேறு வேலை தேடும் எண்ணமும் எழுந்தது. அதற்கு மேலே இருந்தவர்களுக்கோ, அந்தச் செய்தி கூடுதல் மகிழ்ச்சி எதையும் தரவில்லை. 2012-இல் வெளியான இந்த ஆய்வைப் படித்தபோது, அடுத்தவர் சம்பளம் அறிவதில் வெல்பவர் எவரும் இல்லையே என்று எண்ணிக்கொண்டேன்.

உங்கள் விஷயத்துக்கு வருகிறேன். உங்கள் கடிதத்தில் சம்பளத்தைப் பற்றி இரண்டு வரிதான் இருக்கிறது. ‘முன்பெல்லாம் கணக்குகளை நானே சரிபார்த்து முடிப்பேன்’ என்ற வரியில்தான் உங்கள் குரல் மாறுகிறது. பதவி உயர்வு என்ற பெயரில், உங்களுக்குக் கைவந்த வேலையை உங்களிடமிருந்து எடுத்துக்கொண்டு அதற்கு ஈடாகப் பணம் கொடுத்திருக்கிறார்கள். ஒரு கணக்கு இடித்து நின்று, தேடிப்பிடித்து, கடைசியில் இரண்டு பக்கமும் ஒத்துப்போகும் அந்தக் கணம் உங்களுக்கு இப்போது வாய்ப்பதில்லை. அதை நினைத்து வருந்துவதில் நன்றிகெட்டத்தனம் எதுவும் இல்லை. மாதத்துக்கு ஒரு சிக்கலான கணக்கையாவது உங்கள் கையில் வைத்துக்கொள்ள அனுமதி கேளுங்கள். புதிதாகச் சேர்ந்தவர்களுக்குச் சொல்லிக்கொடுக்கும் பொறுப்பையும் கேட்டுப் பெறலாம். இரண்டும் மறுக்கப்பட்டால், பழைய பதவிக்கு இணையான வேலையை, சம்பளம் சற்றுக் குறைந்தாலும், வேறிடத்தில் தேடுவது அவமானம் ஆகாது.

கேள்வி: பாகங்களைப் பொருத்தும் தொழிற்சாலையில் இருக்கிறேன். வேலை கடினமானதல்ல. ஆனால் மறுநாள் எந்த ஷிப்ட் என்பது முந்தின நாள் இரவுதான் தெரியும். எதை முதலில் செய்வது என்பதைக்கூட மேற்பார்வையாளர்தான் சொல்ல வேண்டும். என் அண்ணன் வேறொரு நிறுவனத்தில் மேலாளர். என்னைவிட அதிக நேரம் உழைக்கிறார், பொறுப்பும் அதிகம். ஆனால் அவர் தெம்பாக இருக்கிறார். இரத்த அழுத்தம் எனக்குத்தான் வந்திருக்கிறது. இது எப்படி?

இதே கேள்வியைப் பெரிய அளவில் கேட்டுப் பார்த்த ஆய்வு ஒன்று உண்டு. பிரிட்டனில் சுமார் 18,000 ஆண் அரசு ஊழியர்களை 1967 முதல் தொடர்ந்து கவனித்தார்கள். லண்டனில் அரசு அலுவலகங்கள் இருக்கும் தெருவின் பெயரால் அது ‘வைட்ஹால் ஆய்வு’ என்று வழங்கப்படுகிறது. அந்த ஊழியர்கள் அனைவரும் நிரந்தரப் பணியில் இருந்தவர்கள்; எவரும் வறுமையில் வாடவில்லை. பொறுப்பின் சுமையால் உயரதிகாரிகளுக்கே மாரடைப்பு அதிகம் வரும் என்பது அக்காலத்தில் பரவலாக நிலவிய எண்ணம். கிடைத்த விடை அதற்கு நேர்மாறானது. 10 ஆண்டுகள் கழித்துப் பார்த்தபோது, கடைநிலை ஊழியர்களின் இறப்பு விகிதம் உச்சியில் இருந்தவர்களின் விகிதத்தைப்போல் ஏறக்குறைய மூன்று மடங்காக இருந்தது. இடையில் இருந்தவர்களும் படிக்கட்டில் நிற்பதுபோல் வரிசையாக நின்றார்கள். ஒரு படி கீழே இருப்பவருக்கு ஒரு படி கூடுதல் ஆபத்து. புகைபிடித்தல் முதலிய பழக்கங்கள் இந்த வேறுபாட்டின் ஒரு பகுதியை மட்டுமே விளக்கின.

மீதியை விளக்க, மைக்கேல் மார்மட் தலைமையில் 1985-இல் இரண்டாவது ஆய்வு தொடங்கியது. இம்முறை பெண்களும் உட்பட 10,308 பேர். தம் வேலையின் மீது தமக்குப் பிடி இல்லாதவர்களுக்கு, அதாவது என்ன செய்வது, எப்போது செய்வது, எப்படிச் செய்வது என்பதில் சொல்ல எதுவும் இல்லாதவர்களுக்கு, இதய நோய் அதிகம் வந்தது என்று அது காட்டியது. ராபர்ட் காரசெக் என்ற சமூகவியலாளர் 1979-இலேயே இதற்கு ஒரு வடிவம் கொடுத்திருந்தார். வேலையின் பளு அதிகமாகவும் அதன் மீதான பிடி குறைவாகவும் இருக்கும் இடத்தில்தான் மனிதன் நொறுங்குகிறான். பளு அதிகமாக இருந்தாலும் பிடியும் அதிகமாக இருந்தால், அதே பளு கற்றலாகவும் உற்சாகமாகவும் மாறுகிறது என்பது அவருடைய வாதம். உங்கள் அண்ணன் இரண்டாவது இடத்தில் இருக்கிறார்.

இதை நான் புத்தகத்தில் படிப்பதற்கு முன்பே உடம்பால் அறிந்திருந்தேன். பத்திரிகைக்கு வருமுன் ஓர் அச்சகத்தில் 3 ஆண்டுகள் மெய்ப்புத் திருத்தினேன். அங்கே முதலில் இருந்த மேற்பார்வையாளர், அன்றைய தாள்கள் முழுவதையும் காலையிலேயே என் மேசையில் வைத்துவிட்டு, மாலை 5 மணிக்குள் முடிந்தால் போதும் என்பார். அட்டவணைகளும் அடிக்குறிப்புகளும் நிறைந்த பக்கங்களைக் கண் தெளிவாக இருக்கும் காலை வேளையில் முடித்துவிட்டு, கதைப் பக்கங்களைப் பிற்பகலுக்கு ஒதுக்கி வைத்துக்கொள்வேன். அவர் ஓய்வு பெற்ற பிறகு வந்தவர், தாள்களைத் தம் மேசையிலேயே அடுக்கி வைத்துக்கொண்டு, ஒன்றை முடித்துக் கொடுத்தால்தான் அடுத்ததை எடுத்துத் தருவார். பக்கங்களின் எண்ணிக்கை கூடவில்லை, சம்பளம் குறையவில்லை, அதே சிவப்பு மை, அதே நாற்காலி. ஆனால் ஆறே மாதத்தில் எனக்குத் தூக்கம் கெட்டது. பிற்பகல் 4 மணிக்குக் கண் எரியும் நேரத்தில் எண்கள் மொய்க்கும் ஓர் அட்டவணை கைக்கு வரும்போது எழுந்த அந்தக் கையாலாகாத கோபம் இன்றும் நினைவில் இருக்கிறது. என்னிடமிருந்து பறிபோனது, எந்தப் பக்கத்தை முதலில் எடுப்பது என்ற ஒரு சின்னஞ்சிறு தேர்வு மட்டுமே. அது அவ்வளவு பெரியது என்று இழக்கும் வரை தெரியவில்லை.

நீங்கள் செய்யக்கூடியவை இரண்டு. ஷிப்ட் அட்டவணையை இரண்டு வாரம் முன்னதாகத் தர வேண்டும் என்ற ஒரே கோரிக்கையை, தனியாக அல்லாமல் உங்கள் பிரிவில் உள்ள அனைவரும் கையெழுத்திட்டு எழுத்தில் கொடுங்கள். நிறுவனத்துக்கு அதிகச் செலவில்லாத கோரிக்கை என்பதால் மறுப்பது கடினம். இரண்டாவதாக, இரத்த அழுத்தத்துக்கான மருந்தையும் பரிசோதனையையும் எக்காரணம் கொண்டும் விட்டுவிடாதீர்கள். வேலை மாறும் வரை உடம்பு காத்திருக்காது.

கேள்வி: அலுவலகத்துக்கு அருகில் சிறிய வீட்டில் இருக்கிறோம். அதே வாடகைக்கு நகருக்கு வெளியே பெரிய வீடு கிடைக்கிறது. ஆனால் போக ஒன்றரை மணி நேரம், வர ஒன்றரை மணி நேரம். மாறலாமா?

உங்கள் குடும்ப நிலை எனக்கு முழுமையாகத் தெரியாது என்றாலும், மாற வேண்டாம் என்றே சொல்வேன். கானமனும் அவருடைய குழுவினரும் டெக்சஸ் மாநிலத்தில் வேலைக்குச் செல்லும் 909 பெண்களிடம், முந்தின நாளைக் காட்சி காட்சியாக நினைவுகூர்ந்து, ஒவ்வொன்றிலும் மனம் எப்படி இருந்தது என்று எழுதச் சொன்னார்கள். 2004-இல் வெளியான அந்த ஆய்வில், காலை நேரத்து வேலைப் பயணம் பட்டியலின் அடியில் கிடந்தது. அலோயிஸ் ஸ்டட்ஸர், புரூனோ ஃபிரே என்ற பொருளியலாளர்கள் ஜெர்மன் தரவுகளை எடுத்துக்கொண்டு இன்னொன்றைக் காட்டினார்கள். நீண்ட பயணத்தைத் தேர்ந்தெடுப்பவர் அதற்கு ஈடாக நல்ல வீட்டையோ நல்ல சம்பளத்தையோ பெறுவதால் கணக்கு நேராகிவிடும் என்றுதான் நாம் நினைப்போம். நேராகவில்லை, பயண நேரம் கூடக்கூட வாழ்க்கை குறித்த நிறைவு குறைந்துகொண்டே போனது.

கூடுதல் அறை மூன்று மாதத்தில் கண்ணுக்குப் பழகிவிடும். பயணம் அப்படிப் பழகுவதில்லை, ஏனென்றால் ஒவ்வொரு நாளும் அது வேறு விதமாகக் கெடும். நாளுக்கு 3 மணி நேரம் என்பது வேலை நாள்களில் வாரத்துக்கு 15 மணி நேரம். அந்த நேரம் பெரும்பாலும் தூக்கத்திலிருந்தும் பிள்ளைகளோடு இருக்கும் பொழுதிலிருந்தும்தான் எடுக்கப்படும்.

கேள்வி: என் மகனுக்கு 34 வயது. நிறுவனம் மூடப்பட்டதால் வேலை போய் 7 மாதம் ஆகிறது. சேமிப்பு இருக்கிறது, மருமகளும் சம்பாதிக்கிறாள், பணத்துக்குக் குறைவில்லை. வேலையில் இருந்தபோது ‘படிக்க நேரமில்லை, நண்பர்களைப் பார்க்க நேரமில்லை’ என்று சொல்லிக்கொண்டிருந்தவன், இப்போது நேரம் முழுவதும் இருந்தும் எதையும் தொடுவதில்லை. குளிப்பதற்கே மதியம் ஆகிறது. சோம்பேறியாகிவிட்டானோ என்று பயமாக இருக்கிறது.

அம்மா, உங்கள் மகன் சோம்பேறி ஆகிவிடவில்லை. வேலை போனவர்களுக்கு என்ன நேர்கிறது என்பதை அருகிலிருந்து பார்த்து எழுதியவர்கள் கண்டதும் நீங்கள் கண்டதும் ஒன்றே.

ஆஸ்திரியாவில் வியன்னாவுக்கு அருகே மாரியன்தால் என்ற சிற்றூர் ஒரே ஒரு துணி ஆலையை நம்பியிருந்தது. உலகப் பொருளாதார வீழ்ச்சியின்போது அந்த ஆலை மூடப்பட்டு, ஏறக்குறைய ஊரே வேலையிழந்தது. மாரி யஹோடா, பால் லசார்ஸ்ஃபெல்ட், ஹான்ஸ் சைசல் ஆகியோர் குழுவாகச் சென்று ஊரோடு பழகி, 1933-இல் தங்கள் ஆய்வை வெளியிட்டார்கள். எல்லோருக்கும் இப்போது நேரம் இருக்கிறதே, நூலகத்தில் கூட்டம் கூடியிருக்கும் என்று எதிர்பார்த்தால், நூலகத்தில் புத்தகம் எடுப்பது குறைந்திருந்தது. தெருவில் நடந்த ஆண்களின் வேகத்தைக்கூட அவர்கள் கவனித்தார்கள். வேலையற்ற ஆண்கள் மெதுவாக நடந்தார்கள், வழியில் பலமுறை நின்றார்கள். பலர் கடிகாரம் அணிவதையே விட்டுவிட்டிருந்தார்கள். வீட்டு வேலை விடாமல் துரத்திக்கொண்டிருந்த பெண்களோ வேகமாக நடந்தார்கள்.

சம்பளத்தைத் தவிர வேலை நமக்குச் சத்தமில்லாமல் கொடுத்துவந்த ஐந்து விஷயங்களை யஹோடா பிற்காலத்தில் எடுத்துச் சொன்னார். பொழுதுக்கு ஓர் ஒழுங்கு. குடும்பத்துக்கு வெளியே மனிதர்கள். தனியாகச் செய்ய முடியாத ஒன்றில் பங்கு. ‘நான் இன்னார்’ என்று சொல்லிக்கொள்ள ஓர் இடம். கையையும் மனத்தையும் ஓய விடாத ஒரு கட்டாயம். உங்கள் மகனிடமிருந்து இந்த ஐந்தும் ஒரே நாளில் போயிருக்கின்றன. சேமிப்பால் இவற்றில் ஒன்றையும் வாங்க முடியாது.

மாலையில் ‘ஏதாவது தெரிந்ததா?’ என்று கேட்பதை நிறுத்திவிடுங்கள். அந்தக் கேள்விக்குப் பயந்தே நாள் முழுவதும் குறுகிப்போவான். அவன் வராவிட்டால் வேறொருவர் காத்திருக்க நேரும் என்பதுபோன்ற ஒரு பொறுப்பை, குறித்த நேரத்தில் செய்தாக வேண்டிய ஒன்றை, அவனிடம் கொடுங்கள். தெரிந்த பிள்ளைகளுக்கு மாலையில் கணிதம் சொல்லித்தருவது, ஒரு சங்கத்தின் கணக்கைப் பார்த்துக்கொள்வது என்று எதுவாகவும் இருக்கலாம். சம்பளம் இல்லாவிட்டாலும் பரவாயில்லை. தூக்கமின்மையோ பசியின்மையோ இரண்டு வாரத்துக்கு மேல் நீடித்தாலும், ‘நான் இருந்து என்ன பயன்’ என்ற பேச்சு ஒருமுறை வந்தாலும், தாமதிக்காமல் மனநல மருத்துவரிடம் அழைத்துச் செல்லுங்கள்.

கேள்வி: 14 பேர் வேலை செய்யும் சிறு நிறுவனம் நடத்துகிறேன். ஆண்டுக்கொருமுறை சுற்றுலா, பிறந்த நாளுக்குப் பரிசு, சிறந்த ஊழியருக்கு விருது எல்லாம் செய்கிறேன். ஆனாலும் முகங்களில் உற்சாகம் இல்லை. எங்கே தவறுகிறேன்?

இப்படிக் கேட்கும் முதலாளி கிடைத்ததற்காக அந்த 14 பேரையும் வாழ்த்துகிறேன். சுற்றுலாவும் பரிசும் நல்லவைதாம், ஆனால் அவை ஆண்டில் இரண்டு மூன்று நாள்களில் முடிந்துவிடுகின்றன.

தெரசா அமாபிலி, ஸ்டீவன் கிராமர் இருவரும் 7 நிறுவனங்களைச் சேர்ந்த 238 பேரை, நாள்தோறும் வேலை முடிந்ததும் அன்று நடந்ததை எழுதச் செய்து, ஏறக்குறைய 12,000 நாட்குறிப்புகளைத் திரட்டினார்கள். மனம் மலர்ந்திருந்த நாள்களைத் தனியே பிரித்துப் பார்த்தபோது, அவற்றில் மிக அதிகமாகத் தென்பட்டது, தமக்குப் பொருளுள்ள ஒரு வேலை அன்று கொஞ்சமாவது முன்னேறியது என்பதே. கெட்ட நாள்களில் அதே வேலை தடைப்பட்டு நின்றிருந்தது. ஊழியர்களை ஊக்குவிப்பது எது என்று 669 மேலாளர்களிடம் கேட்டு வரிசைப்படுத்தச் சொன்னபோது, வேலை முன்னேற உதவுவதை அவர்கள் கடைசி இடத்தில் வைத்தார்கள்.

ஆகவே அடுத்த வாரம் விருது எதையும் அறிவிக்காமல், 14 பேரிடமும் தனித்தனியாக ஒரே ஒரு கேள்வி கேளுங்கள்: ‘உங்கள் வேலையைத் தினமும் நிறுத்திவைப்பது எது?’ அடிக்கடி பழுதாகும் ஓர் இயந்திரம், மூன்று நாள் கிடக்கும் ஓர் ஒப்புதல், எல்லோரும் கேட்டுக் கேட்டு வாங்கவேண்டிய ஒரு சாவி என்று சிறு சிறு விஷயங்களாக வரும். அவற்றைச் சரிசெய்யும்போது, சொன்னவருக்குச் சொன்னது நடந்தது தெரிய வேண்டும். ‘சிறந்த ஊழியர்’ விருதை நிறுத்திவிடலாம் என்பது என் கருத்து. ஒருவரை மகிழ்விக்க 13 பேரிடம் ‘நீ அல்ல’ என்று சொல்கிறது அது. மற்றொன்று, வேலை நேரம். பிரிட்டனில் 2022-இல் 61 நிறுவனங்கள், சுமார் 2,900 ஊழியர்களுடன், சம்பளத்தைக் குறைக்காமல் வேலை நேரத்தைக் குறைத்து ஆறு மாதம் நடத்திப் பார்த்தன. ஊழியர்களின் மன அழுத்தம் தணிந்ததோடு, பெரும்பாலான நிறுவனங்கள் சோதனை முடிந்த பின்னும் அந்த ஏற்பாட்டைத் தொடர்ந்தன. முழுமையாக முடியாவிட்டாலும், மாதத்தில் ஒரு பிற்பகலை விட்டுக்கொடுத்துத் தொடங்கலாம்.

கேள்வி: வீட்டிலிருந்தே மென்பொருள் வேலை. இரவு 11 மணிக்கும் குழுவில் செய்தி வருகிறது, பதில் சொல்லாமல் இருக்க முடியவில்லை. தியானம், நேர்மறைச் சிந்தனை எல்லாம் முயன்றுவிட்டேன். வேறு என்ன செய்யலாம்?

கைப்பேசியை இன்னோர் அறையில் வைத்துவிட்டுத் தூங்குங்கள். தியானத்தை நான் குறை சொல்லவில்லை; ஆனால் கூரை ஒழுகும் வீட்டில் தரையைத் துடைத்துக்கொண்டே இருப்பதுபோல் ஆகிவிடக் கூடாது. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் ‘பணிச்சோர்வு’ என்பதை, சரிவரக் கையாளப்படாத பணியிட அழுத்தத்தின் விளைவு என்றே வரையறுத்தது. அதே நிறுவனமும் பன்னாட்டுத் தொழிலாளர் அமைப்பும் 2021-இல் வெளியிட்ட ஆய்வின்படி, வாரத்துக்கு 55 மணி நேரமோ அதற்கு மேலோ உழைப்பவர்களுக்கு, 35 முதல் 40 மணி நேரம் உழைப்பவர்களைவிடப் பக்கவாதம் வரும் ஆபத்து 35 விழுக்காடும், இதய நோயால் இறக்கும் ஆபத்து 17 விழுக்காடும் அதிகம். பிரான்சில் வேலை நேரத்துக்குப் பிறகு தொடர்பில் இல்லாமல் இருக்கும் உரிமையை 2017 முதல் சட்டமே பேசுகிறது. உங்கள் குழுத்தலைவரிடம், ‘இரவு 8 மணிக்குப் பிறகு உண்மையிலேயே அவசரம் என்றால் தொலைபேசியில் அழையுங்கள், மற்றவற்றுக்குக் காலையில் பதில் சொல்கிறேன்’ என்று இந்த வாரமே சொல்லுங்கள். அழைப்பு எத்தனை முறை வருகிறது என்று ஒரு மாதம் எண்ணிப் பாருங்கள்.

கேள்வி: மருத்துவமனையில் துப்புரவு வேலை செய்கிறேன், ஒப்பந்தப் பணி. சொன்னால் யாரும் நம்புவதில்லை, எனக்கு இந்த வேலை பிடித்திருக்கிறது. நோயாளிகள் என்னைப் பெயர் சொல்லி அழைக்கிறார்கள். ஆனால் என் மகள் பள்ளிப் படிவத்தில் ‘தாயின் தொழில்’ என்ற இடத்தை நிரப்பாமல் விட்டிருந்ததைப் பார்த்தேன். இந்த வேலையில் நிறைவாக இருக்கிறேன் என்று சொல்வது என்னை நானே ஏமாற்றிக்கொள்வதா?

உங்கள் கடிதத்தை மூன்று முறை படித்தேன். நீங்கள் உங்களை ஏமாற்றிக்கொள்ளவில்லை.

ஏமி ரெஸ்நெவ்ஸ்கி, ஜேன் டட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் உங்களைப்போல் மருத்துவமனையில் துப்புரவு செய்பவர்களிடம்தான் சென்று, அவர்களுடைய வேலை என்ன என்று கேட்டார்கள். சிலர் பெருக்குவது, துடைப்பது, குப்பை எடுப்பது என்று பட்டியலிட்டார்கள். வேறு சிலர், அதே சம்பளத்துக்கு அதே வேலையைச் செய்துகொண்டே, யாருடைய முகம் வாடியிருக்கிறது என்று கவனித்து நின்று பேசினார்கள், வழி தெரியாமல் நிற்கும் உறவினர்களை உரிய இடத்துக்கு அழைத்துச் சென்றார்கள், தாமும் நோயைக் குணப்படுத்துவதில் ஒரு பங்கு என்று சொன்னார்கள். நினைவிழந்து கிடந்த நோயாளிகளின் அறைகளில், கண்ணுக்கு ஒரு மாற்றமாக இருக்கட்டும் என்று சுவரிலிருந்த படங்களை ஒருவர் இடம் மாற்றி மாட்டி வந்தாராம். யாரும் அவருக்கு அதைச் செய்யச் சொல்லவில்லை. தமக்குக் கொடுக்கப்பட்ட வேலையைத் தாமே இப்படி வடிவமைத்துக்கொள்வதைப் பற்றி அவ்விருவரும் 2001-இல் எழுதினார்கள். அன்றிலிருந்து பணியுளவியலில் அது ஒரு தனித் துறையாகவே வளர்ந்திருக்கிறது.

ஆனால் ஒன்றில் கவனமாக இருங்கள். உங்களுக்கு வேலை பிடித்திருக்கிறது என்பதைக் காரணமாக வைத்து உங்களுக்குச் சேர வேண்டியதை எவரும் குறைக்க இடம் கொடுக்காதீர்கள். தரமான கையுறை, தடுப்பூசி, சம்பளத்தோடு கூடிய விடுப்பு ஆகியவற்றை ஒப்பந்தக்காரரிடம் எழுத்தில் கேட்கும் உரிமை, வேலையை நேசிப்பவருக்கும் வெறுப்பவருக்கும் ஒன்றுதான்.

மகளிடம் அந்தப் படிவத்தைப் பற்றிக் கேட்க வேண்டாம். அந்த வயதில் வகுப்புத் தோழிகளின் பார்வை எவ்வளவு கனமானது என்பது நமக்குத் தெரியாததல்ல. அதற்குப் பதிலாக, ஒரு நோயாளி வீடு திரும்பிய பிறகு அந்த அறையை எப்படித் தயார் செய்கிறீர்கள் என்று ஒருநாள் அவளுக்குச் சொல்லுங்கள்: கழிவறைக்கு ஒரு துணி, படுக்கையோரத்துக்கு வேறு துணி என்று ஏன் பிரிக்கிறீர்கள், சுத்தமான பகுதியில் தொடங்கி அசுத்தமான பகுதியை நோக்கியே ஏன் துடைக்கிறீர்கள், கிருமிநாசினியைத் தெளித்த உடனே துடைத்துவிடாமல் சில நிமிடம் ஏன் காத்திருக்கிறீர்கள் என்று. அறிவியல் பாடத்தில் கிருமிகளைப் படிக்கும் பெண்ணுக்கு அது புரியும்.